ஆன்லைன் அரசு சேவையும் லஞ்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான்றிதழ், பட்டா, பத்திரப் பதிவு, ரேஷன், உதவித்தொகை என்று தமிழ்நாட்டில் அரசிடம் நமக்கு ஆக வேண்டிய காரியங்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. லஞ்சம் மட்டும் முழுவதுமாகப் போய்விடவில்லை. எங்கே போயிருக்கிறது, எங்கே போகவில்லை, போகாத இடத்தில் நாம் என்ன செய்யலாம் என்று மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆன்லைனில் விண்ணப்பித்தால் லஞ்சம் கொடுக்காமலே காரியம் ஆகிவிடுமா?

சில காரியங்கள் ஆகும், சில ஆகாது. உங்கள் விண்ணப்பத்துக்கும் அதன் முடிவுக்கும் நடுவில் ஓர் அதிகாரி இருக்கிறாரா என்று பாருங்கள். யாருமே இல்லையென்றால் லஞ்சம் கேட்க ஆளில்லை. ஒருவர் இருந்து, எப்போது ஒப்புதல் கொடுப்பது என்பது அவர் இஷ்டத்தில் இருந்தால், விண்ணப்பம் காகிதத்தில் போனாலும் கம்ப்யூட்டரில் போனாலும் அவரிடம்தான் போய் நிற்கும். கவுன்ட்டரில் வாங்கிய லஞ்சத்தைக் கம்ப்யூட்டர் பெருமளவு ஒழித்துவிட்டது. காக்க வைத்து வாங்கும் லஞ்சத்தை அதனால் ஒழிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு சாரார் "எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது, இனி ஊழலே இல்லை" என்கிறார்கள், இன்னொரு சாரார் "ஆன்லைன் வந்து என்ன பயன்" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

எந்தச் சேவைகளில் லஞ்சம் உண்மையாகவே போயிருக்கிறது?

ஒரு சொத்தின்மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் நல்ல உதாரணம். ஒரு காலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்து, ஊழியர் பழைய தொகுதிகளைப் புரட்டித் தேடி எழுதிக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். சீக்கிரம் வேண்டுமென்றால் தேடுகிறவரைக் "கவனிக்க" வேண்டும். பதிவுத் துறையில் 2000-ஆம் ஆண்டில் ஸ்டார் திட்டத்தின் மூலம் கம்ப்யூட்டர் நுழைந்தது. 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 வந்தபோது பதிவு முழுக்க இணையத்துக்கு மாறியது. இப்போது சர்வே எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பும் அப்படித்தான். தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் எல்லோருக்கும் தெரிகிற மதிப்பை, தெரியாதவரிடம் மாற்றிச் சொல்லிப் பணம் பறிக்க வழியில்லை.

பட்டா நகல், சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவையும் இதே வகை. பிறப்பு, இறப்புச் சான்றிதழை இணையத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். உட்பிரிவு செய்யத் (ஒரே சர்வே எண்ணில் உள்ள நிலத்தைப் பிரிக்கத்) தேவையில்லாத சொத்தாக இருந்து, விற்பவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறும் வசதி வந்திருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது: யாரும் எதையும் "பார்த்து முடிவு செய்ய" வேண்டியதில்லை.

பண உதவிகளிலும் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. டெல்லியிலிருந்து அனுப்பும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் ஏழைக்குப் போய்ச் சேர்கிறது என்று ராஜீவ் காந்தி 1985-இல் சொன்னது இன்றும் மேடைகளில் பேசப்படுகிறது. 2013-இல் தொடங்கிய நேரடிப் பணப் பரிமாற்றம் அந்த நடுவழிக் கைகளைப் பெருமளவு அகற்றியது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, முதல் கட்டத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயாகச் சேர்ந்தது. இதையே ஊர் ஊராக மேசை போட்டுக் கையில் கொடுத்திருந்தால் எத்தனை பேர் 900 ரூபாயோடு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் "விஏஓவைப் போய்ப் பாருங்கள்" என்று ஏன் சொல்கிறார்கள்?

இ-சேவை மையத்தில் உங்கள் விண்ணப்பத்தை ஏற்றியதும் அது நேராக வட்டாட்சியரிடம் போவதில்லை. முதலில் கிராம நிர்வாக அலுவலரின் (விஏஓ) கணக்குக்குள் போகிறது. அவர் விசாரித்துப் பரிந்துரைத்தால் வருவாய் ஆய்வாளருக்குப் போகும். அவர் பரிந்துரைத்தால்தான் மேலே வட்டாட்சியர் அல்லது துணை வட்டாட்சியர் நிலைக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் தன் திரையைத் திறந்து, படித்து, பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமலும் இருக்கலாம்.

வருமானச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறது, அதில் உள்ளதை எழுதிவிடலாம். விவசாயக் கூலிக்கு எந்தக் காகிதமும் இல்லை. அவருடைய ஆண்டு வருமானம் இவ்வளவு என்று அலுவலர்தான் மதிப்பிட வேண்டும். அந்த ஒரு கட்டத்தில் எழுதப்படும் எண்ணைப் பொறுத்து ஒரு பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கும், அல்லது கிடைக்காது. கல்லூரி சேர்க்கைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும். விண்ணப்பம் மின்னல் வேகத்தில் அலுவலரின் திரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கேயே நின்றுவிட்டது. தகப்பன் சட்டைப் பையில் நூறு ரூபாய் நோட்டுகளை மடித்து வைத்துக்கொண்டு அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இது எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரம் பார்க்காமல் உழைக்கிற, ஒரு ரூபாய் தொடாத அலுவலர்களும் இருக்கிறார்கள். ஒருவரே இரண்டு மூன்று கிராமங்களைப் பார்த்துக்கொண்டு, தேர்தல் வேலையும் வெள்ள நிவாரணமும் செய்கிற நிலையில் தாமதம் எல்லாமே லஞ்சத்துக்காக என்று சொல்வது அநியாயம். ஆனால் நியாயமான தாமதத்துக்கும் வேண்டுமென்றே செய்யும் தாமதத்துக்கும் வித்தியாசம் தெரியாதபடி முறையே அமைந்திருப்பதுதான் கெட்டவருக்கு வசதி.

பாஸ்போர்ட்டிலும் இதே கதைதான். பாஸ்போர்ட் சேவா மையங்கள் வந்தபின் டோக்கன் வாங்கி, புகைப்படம் எடுத்து, கைரேகை வைத்து, ஒருவருக்கும் ஒரு பைசா கொடுக்காமல் வெளியே வரலாம். பிறகு போலீஸ் விசாரணை வரும். அந்த இடத்தில் "டீ செலவுக்கு" என்ற பேச்சு இன்னும் கேட்கிறது.

பட்டா உட்பிரிவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு இழுத்தடிப்பு?

ஏனென்றால் அங்கே நிலத்தை அளக்க வேண்டும். சர்வேயர் நேரில் வந்து, கல் நட்ட இடத்தைப் பார்த்து, சங்கிலியோ கருவியோ வைத்து அளந்து, புலப்படத்தில் கோடு போட வேண்டும். எந்தத் தேதியில் வருவார் என்பது அவர் கையில். வந்தபின் "பக்கத்துக்காரர் ஆட்சேபிக்கிறார்", "எல்லை சரியாக இல்லை" என்று எழுதுவதும் அவர் கையில். லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்கிறவர்களின் செய்திகளைத் தொடர்ந்து படித்தால் பட்டா மாறுதலும் நில அளவையும் எத்தனை முறை வருகின்றன என்பது தெரியும். கட்டணத்தை ஆன்லைனில் கட்டுவதால் மட்டும் இது தீராது. அளக்க வரும் தேதி முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும், வராமல் போனால் அதற்கும் பதிவு இருக்க வேண்டும்.

மனிதர் இருந்தே ஆக வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டரால் ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும். கர்நாடகத்தின் பூமி திட்டம் அதைக் காட்டியது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட நில ஆவணங்கள், சுமார் 67 லட்சம் விவசாயிகளுடையவை, முன்பு கிராமக் கணக்கர்களின் கைவசம் இருந்தன. கணக்கரைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை, பிடித்தபின் அவர் கேட்டதைக் கொடுப்பது அடுத்த வேலை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, தாலுகா அலுவலகத்திலேயே 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தார்கள்.

நகல் கொடுத்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பெயர் மாற்றத்துக்கு அவர்கள் வைத்த வரிசைதான். முதலில் வந்த மனுவை முதலில் முடிக்க வேண்டும். பத்தாவது மனுவை எடுக்க வேண்டுமென்றால் ஒன்பதையும் முடித்தாக வேண்டும், மென்பொருள் தாண்டிப் போக விடாது. நிராகரித்தால் காரணத்தைப் பதிய வேண்டும். ஊழியர் தன் கைரேகை வைத்துத்தான் உள்ளே நுழைய முடியும் என்பதால் "நான் செய்யவில்லை" என்று பிறகு சொல்லவும் முடியாது. லஞ்சம் கொடுப்பவர் வாங்க நினைப்பது வரிசையில் முன்னால் ஓர் இடத்தை. அந்த இடத்தை விற்கவே முடியாதபடி செய்துவிட்டால் கேட்கிறவருக்கு விற்க என்ன இருக்கிறது?

அதற்கும் முன்பே, 1999-இல், தென் கொரியாவின் சியோல் மாநகராட்சி மேயர் கோ குன் இன்னொரு வழியைத் தொடங்கியிருந்தார். கட்டட அனுமதி போன்ற விண்ணப்பங்கள் இப்போது யார் மேசையில் இருக்கின்றன, எப்போது வந்தன என்பதை இணையத்தில் வெளியிட்டார்கள். நம் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது. அங்கே ஏன் நிற்கிறது என்று சொல்லும் அளவுக்கு அது வளர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை இன்னும் ஒரு படி மேலே. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர், விதிகளின்படி கட்டுகிறேன் என்று தானே சான்றளித்து, கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். ஒரு சாதாரணக் குடும்பம் வாழ்நாளில் ஒரு முறை கட்டும் வீட்டுக்கு அலைய வேண்டியிருந்த அலைச்சலை நினைத்தால், இது பெரிய விஷயம்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்குப் பதில் 200, 300 கேட்கிறார்களே, அதுவும் லஞ்சம்தானா?

வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையங்களில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் வாங்குவது முறைகேடு. மையத்தை நடத்துபவர் பல இடங்களில் அரசு ஊழியர் அல்ல, ஆனால் அரசு கொடுத்த உரிமத்தில் நடத்துகிறார். ரசீது கேளுங்கள். ரசீதில் உள்ள தொகைக்கு மேல் கேட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ முதலமைச்சரின் 1100 உதவி எண்ணிலோ புகார் செய்யலாம்.

இதைவிடக் கவலை தருவது, சில மையங்கள் "மேலே பேசி முடித்துத் தருகிறோம்" என்று மொத்தமாக ஒரு தொகை சொல்வது. பழைய தாலுகா அலுவலக வாசல் தரகர்தான் இப்போது கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கைபேசி பழக்கமுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் இ-சேவையின் பொதுமக்களுக்கான இணையதளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம்.

ரேஷன் கடையில் வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வருகிறது. என்ன செய்வது?

அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. 2017-இல் ஸ்மார்ட் அட்டை வருவதற்கு முன்பும் நம் பெயரில் சர்க்கரையும் எண்ணெயும் வெளியே போயிருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தேதி, பொருள், அளவு தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு 1967 என்ற எண்ணிலோ வட்ட வழங்கல் அலுவலரிடமோ புகார் செய்யுங்கள்.

கம்ப்யூட்டரையே ஏமாற்ற மாட்டார்களா?

ஏமாற்றினார்கள். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த பிஎம் கிசான் மோசடியை மறக்கக் கூடாது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரடியாக வங்கிக் கணக்கில் போடும் திட்டம் அது. நடுவில் யாரும் கை வைக்க முடியாது என்று நம்பப்பட்ட திட்டம். கொரோனா ஊரடங்கு மாதங்களில் பதிவு எளிதாக்கப்பட்டது. வேளாண் துறையின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியே கசிந்தன. ஒப்பந்த ஊழியர்கள், தரகர்கள், தனியார் கம்ப்யூட்டர் மையங்கள் சேர்ந்து நிலமே இல்லாதவர்களை விவசாயிகளாகப் பதிந்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று மாவட்டம் மாவட்டமாக வெளிவந்தபோது, தகுதியில்லாதவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்தது. சிபிசிஐடி விசாரித்தது. ஒப்பந்த ஊழியர்கள் பலர் நீக்கப்பட்டார்கள், பணம் பயனாளிகளின் கணக்குகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டது.

ஏமாந்தவர்களில் பலர் ஏழைகள். "கொரோனா நிவாரணம்" என்று சொல்லி ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் வாங்கியவர்களை நம்பிக் கொடுத்தார்கள். பிறகு, தகுதியின்றிப் பணம் பெற்றவர் என்ற பழி அவர்கள் தலையில் விழுந்தது. இந்த மோசடி கைக்குக் கை நடந்திருந்தால் ஐந்தரை லட்சம் பேரைச் சேர்க்கப் பல வருடம் ஆகியிருக்கும். ஒரு கடவுச்சொல் போதும் என்றானபின் சில மாதங்களிலேயே முடிந்துவிட்டது. யார் பதிந்தார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்பதைத் தனித்தனியாகப் பிரித்து, இடையிடையே கிராமத்துக்கே போய்ச் சரிபார்க்காத எந்த ஆன்லைன் திட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

நூறு நாள் வேலைத் திட்டத்திலும் வருகையைக் கைபேசிச் செயலியில் புகைப்படத்தோடு பதிய வேண்டும் என்றார்கள். பல இடங்களில் வேலையாட்களைப் படம் எடுப்பதற்குப் பதில் பழைய படத்தையே படம் எடுத்து ஏற்றினார்கள் என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. கிராம சபையில் பெயர்ப் பட்டியலைச் சத்தமாகப் படித்து, "இவர் இந்த வாரம் வேலைக்கு வந்தாரா?" என்று ஊரைக் கேட்கும் சமூகத் தணிக்கை இப்படிப்பட்ட பொய்யை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும்.

கைரேகை பதியாத முதியவர்கள், ஆண்ட்ராய்டு கைபேசி இல்லாதவர்கள் கதி என்ன?

அவர்களை மறந்துவிட்டு லஞ்சத்தை ஒழித்தேன் என்று எந்த அரசும் பெருமைப்படக் கூடாது. உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால் அவர் பொருளில்லாமல் திரும்பக் கூடாது. ரேஷன் கடைகளில் கருவிழிப் பதிவு வந்திருக்கிறது. வர முடியாதவர் இன்னொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவமும் இருக்கிறது, கடையில் கேளுங்கள். இணையத்தில் மட்டும்தான் விண்ணப்பம் என்று ஆகும்போதெல்லாம் படிக்காதவர் ஒரு தரகரைத் தேடிப் போகிறார், அந்தத் தரகர் வழியாக லஞ்சம் மறுபடி உள்ளே வருகிறது.

டெண்டரை ஆன்லைனில் விட்டால் ஒப்பந்த ஊழல் குறையுமா?

டெண்டர் பெட்டியில் ஒப்பந்தப்புள்ளி போட வருகிறவரை அடியாட்கள் வாசலிலேயே தடுத்த காலம் போய்விட்டது, அது நல்லது. ஆனால் ஒரே நிறுவனத்துக்குப் பொருந்தும்படி நிபந்தனை எழுதுவதையும், போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதையும் இணையதளம் தடுக்காது. உக்ரைன் 2016 முதல் அரசுக் கொள்முதலைப் புரோஸோரோ என்ற பொதுத் தளத்துக்குக் கொண்டுவந்து, ஏலம் முடிந்தபின் யார் என்ன விலை கேட்டார் என்பதை எவரும் பார்க்கும்படி செய்தது. பத்திரிகையாளர்களும் தொண்டு அமைப்புகளும் அதை உட்கார்ந்து படித்ததால்தான் பயன் வந்தது.

என் விண்ணப்பம் நகரவே இல்லை. லஞ்சமும் கொடுக்க மாட்டேன். என்ன செய்ய?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. "என் சான்றிதழைக் கொடுங்கள்" என்று அதில் கேட்கக் கூடாது, தகவல்தான் கேட்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பிரிவு 6(1)-இன் கீழ், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இப்படி எழுதுங்கள்:

"எனது இந்த எண்ணுள்ள விண்ணப்பத்தின் மீது இன்று வரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைத் தேதிவாரியாகத் தெரிவிக்கவும். விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர்களின் பெயர், பதவி என்ன என்று தெரிவிக்கவும். குடிமக்கள் சாசனப்படி இதற்கான காலவரம்பு எத்தனை நாள் என்று தெரிவிக்கவும். எனக்குப் பின் விண்ணப்பித்து இதே சான்றிதழ் பெற்றவர்களின் விண்ணப்ப எண்களையும் வழங்கிய தேதிகளையும் தெரிவிக்கவும்."

கடைசி வரிதான் கூர்மையானது. உங்களுக்குப் பின் வந்தவருக்கு முன்னால் கொடுத்தது ஏன் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றி மறுக்கும் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பல நேரம் பதில் வருவதற்கு முன்பே சான்றிதழ் வந்துவிடும்.

நேரடியாகவே பணம் கேட்டுவிட்டார். நான் கொடுத்தால் நானும் குற்றவாளியா?

ஆம். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அந்தக் குற்றம் அவர்மேல் வராது. கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லிவிட்டு, அதிகாரியைப் பிடிப்பதற்காகக் கொடுத்தாலும் வராது.

ஆகவே கொடுப்பதற்கு முன் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். மாவட்டந்தோறும் பிரிவு இருக்கிறது. எழுத்துப்பூர்வமான புகார் வாங்கி வழக்குப் பதிவு செய்வார்கள். ரூபாய் நோட்டில் ஃபினாப்தலின் பொடி தடவி, எண்களைக் குறித்துக்கொண்டு, சாட்சிகளோடு உங்களை அனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். இப்போது கைபேசிக்கே பணம் அனுப்பச் சொல்கிறார்கள், அதுவும் தன் பெயரில் வாங்காமல் தெரிந்த கடைக்காரர் எண்ணுக்கு. அப்படிக் கேட்டால் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விசாரணைக்குப் பெரிதும் உதவும்.

இத்தனையையும் பாமர மக்கள்தான் செய்ய வேண்டுமா? அரசுக்குப் பொறுப்பில்லையா?

இருக்கிறது. அரசு செய்ய வேண்டிய முதல் வேலை சேவை உரிமைச் சட்டம். மத்தியப் பிரதேசம் 2010-லேயே இயற்றிவிட்டது. குறித்த நாளில் சேவை கொடுக்காத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். கர்நாடகத்தின் சகாலா சட்டத்தில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விண்ணப்பதாரருக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை இழப்பீடு. தொகை சிறியதுதான். ஆனால் தாமதம் அலுவலரின் பதிவேட்டில் தவறாக ஏறுகிறது, அதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் இதற்கான கோரிக்கை பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தை 1997-லேயே, நாட்டில் முதலாவதாக இயற்றிய மாநிலம் இது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஒவ்வொரு மனுவின் நாள் கணக்கையும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்து அபராதம் போடும் அதிகாரத்தை யாருக்காவது கொடுப்பதுதான் பாக்கி.

விண்ணப்பிக்கும் நாளிலேயே நான் செய்து வைத்துக்கொள்ள வேண்டியவை?

தேவையான ஆவணங்களின் பட்டியலை முதலில் பார்த்து எல்லாவற்றையும் தெளிவாக நகலெடுத்து ஏற்றுங்கள். மங்கலான படம் ஒன்று போதும், "ஆவணம் தெளிவில்லை" என்று திருப்பி அனுப்ப. உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுங்கள், மையக்காரர் எண்ணைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் செய்திகள் அவருக்குத்தான் போகும், நீங்கள் அவரையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டில் உள்ள விண்ணப்ப எண்ணை வேறு ஓரிடத்திலும் எழுதி வையுங்கள். நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் பதில் சொல்லி மறுபடி விண்ணப்பியுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு அவசரமாக ஓடாமல், சேர்க்கைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு மனுச் செய்துவிடுங்கள்.